ஆப்பிரிக்கா பயணமா? 10 நாளுக்கு முன்பே ஊசி போட்டுக்கோங்க!

டிக்கெட் போட்டாச்சு, விசா வந்தாச்சு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வாங்கியாச்சா? உகாண்டா, கென்யா, நைஜீரியா போன்ற நாடுகளுக்கு வேலைக்கோ சுற்றுலாவுக்கோ கிளம்புகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

மஞ்சள் காமாலையும் இதுவும் ஒன்றா?

இல்லை. மஞ்சள் காய்ச்சல் என்பது கொசு பரப்பும் வைரஸ் நோய். இதைக் குணப்படுத்தத் தனி மருந்து கிடையாது, தடுப்பூசிதான் பாதுகாப்பு.

திரும்பி வரும்போதும் ஏன் கேட்கிறார்கள்?

நம் ஊரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவே இந்த நோயையும் பரப்பக்கூடியது. இங்கே கொசு இருக்கிறது, அந்த வைரஸ் இல்லை. அது உள்ளே வந்துவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு. நோய் அபாயமுள்ள நாட்டிலிருந்து புறப்பட்டு 6 நாட்களுக்குள் செல்லுபடியாகும் சான்று இல்லாமல் இந்தியா வருபவரை, அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தலாம்.

10 நாள் கணக்கு என்ன?

ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் சான்று செல்லுபடியாகும். நாளை விமானம் என்றால் இன்று ஊசி போட்டும் பயனில்லை. அங்கீகரிக்கப்பட்ட மையங்களில்தான் போட வேண்டும்; வேறு இடத்தில் போட்டால் சான்று செல்லாது. சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து மற்றும் ஆராய்ச்சி நிலையம் அவற்றில் ஒன்று. எந்தக் கிழமை, எத்தனை மணி, முன்பதிவு வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போங்க. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டு போங்க. சான்றில் பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஊசி வாழ்நாள் முழுக்கச் செல்லும். 2016 ஜூலை 11 முதல் இதுதான் விதி. பழைய சான்றில் 10 ஆண்டு என்று எழுதியிருந்தாலும் அது செல்லும்.

யார் டாக்டரிடம் கேட்க வேண்டும்?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. 9 மாதம் நிரம்பாத குழந்தைகளுக்குப் பொதுவாகப் போடுவதில்லை.

ஊசி போட்டாச்சு, அவ்வளவுதானா?

இன்னும் இருக்கு. இந்த ஊசி மலேரியாவைத் தடுக்காது. அதற்கான தடுப்பு மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். "வீட்டுக்கு வந்தாச்சே" என்று பாதியில் நிறுத்தாதீர்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும், மலேரியா கொசு இரவில் கடிக்கும். அதனால் பகலில் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டிக் களிம்பு. இரவில் கொசு வலை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு, சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் "சாதாரணக் காய்ச்சல்தானே" என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் போய், எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். மலேரியாவைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்; தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.