பழைய காரில் கி.மீ மீட்டர் நின்னு போச்சா? மீட்டரையே மாற்றும் முன் இதைப் பாருங்க!

ஸ்பீடோமீட்டர் முள் 60-ல் நிற்கிறது. வண்டியும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் கீழே இருக்கும் கிலோமீட்டர் எண் மட்டும் ஒரு வாரமாக 78,412-ஐத் தாண்டவே இல்லை. பழைய மாருதி 800, அம்பாசிடர், பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி.

"வண்டி ஓடுதுல்ல, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுபவர்கள் ஒரு பக்கம். "மீட்டரையே மாத்திடலாம் சார்" என்று மெக்கானிக் சொன்னதும் தலையாட்டுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டிலுமே நஷ்டம் உண்டு. ஏனென்றால் பல நேரங்களில் கெட்டுப்போவது முழு மீட்டர் அல்ல. ஒரு கேபிளோ, சுண்டுவிரல் நகம் அளவு பிளாஸ்டிக் பல்சக்கரமோதான்.

எண் ஓடாவிட்டால் என்ன நஷ்டம்?

இன்ஜின் ஆயில், ஃபில்டர், டைமிங் பெல்ட் எல்லாவற்றையும் இத்தனை கி.மீ-க்கு ஒருமுறை மாற்றச் சொல்லித்தான் காரின் கையேட்டில் போட்டிருக்கும். எண் நின்றுவிட்டால் அந்தக் கணக்கும் நின்றுவிடும். டைமிங் பெல்ட் வழியில் அறுந்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும். சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, செலவு பல மடங்காகிவிடும்.

லிட்டருக்கு எத்தனை கி.மீ தருகிறது என்றும் பார்க்க முடியாது. வண்டியை விற்கும்போது, "இந்த எண்ணை எப்படி நம்புறது?" என்ற கேள்வி வரும்.

மீட்டருக்குள் என்ன நடக்கிறது?

கேபிள் வைத்த பழைய கார்களில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் டேஷ்போர்டு வரை வரும். வெளியே உறை, உள்ளே சுழலும் கம்பி. சக்கரம் சுற்றும்போது கியர்பாக்ஸில் உள்ள சின்னப் பல்சக்கரம் இந்தக் கம்பியைச் சுழற்றும்.

மீட்டருக்குள் போனதும் இந்தச் சுழற்சி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் சுழலும் வேகத்துக்கு ஏற்ப, அதைத் தொடாமலேயே பக்கத்தில் இருக்கும் அலுமினியக் கிண்ணம் இழுபட்டு, அதனோடு முள் நகர்கிறது. இரண்டு, வரிசையாக உள்ள பல்சக்கரங்கள் மூலம் கி.மீ எண்களைத் திருப்புகிறது.

அதாவது முள் ஓடுவது காந்தத்தால், எண் ஓடுவது பல்சக்கரத்தால். அதனால்தான் ஒன்று வேலை செய்யும்போதே இன்னொன்று நின்றுபோக முடிகிறது. கோளாறைக் கண்டுபிடிக்கும் வழியும் இதில்தான் இருக்கிறது.

கோளாறு எங்கே? ஓட்டிப் பார்த்தே சொல்லலாம்

முள், எண் இரண்டுமே ஓடவில்லையா? கேபிள் அறுந்திருக்கலாம், கழன்றிருக்கலாம். அல்லது கியர்பாக்ஸ் பக்கத்துப் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

முள் ஓடுது, எண் மட்டும் ஓடலையா? கேபிளைத் தொட வேண்டாம். மீட்டருக்குள் பல்சக்கரம் உடைந்திருக்கிறது, அல்லது தண்டில் இருந்து வழுக்குகிறது.

முள் நடுங்குது, டிக் டிக் என்று சத்தம் வருதா? கேபிள் காய்ந்திருக்கிறது, அல்லது எங்கேயோ மடங்கியிருக்கிறது. சீக்கிரமே அறுந்துவிடும் என்பதற்கான எச்சரிக்கை இது.

கேபிளை எப்படிச் சோதிப்பது?

மீட்டருக்குப் பின்னால் கேபிளைக் கழற்றிவிட்டு, சமதளத்தில் வண்டியை நியூட்ரலில் வைத்து ஒருவர் தள்ள வேண்டும். இன்னொருவர் கேபிளின் நுனியைப் பார்க்க வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பு மீட்டர்கள் பலவற்றில் 1 கி.மீ-க்குக் கேபிள் 637 முறை சுழலும். அந்தக் கணக்குப்படி 5 மீட்டர் தள்ளினாலே நுனி 3 சுற்று சுற்றிவிடும். கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

நுனி சுற்றினால் கேபிள் நல்லாருக்கு, கோளாறு மீட்டரில். சுற்றாவிட்டால் உள்கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். துண்டாக வந்தால் கேபிளை மாற்றினால் போதும். முழுசாக வந்தால் கியர்பாக்ஸ் பக்கத்துப் பல்சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

புதுக் கேபிள் போடும்போது இரண்டு விஷயம் முக்கியம். கூர்மையாக மடக்காமல் சீரான வளைவில் கொண்டுபோக வேண்டும். உள்கம்பிக்கு கிரீஸை மெலிதாகத் தடவி, மீட்டர் பக்கத்துக் கடைசி சில அங்குலத்தைக் காய்ந்தபடியே விட வேண்டும். இல்லாவிட்டால் கிரீஸ் மேலே ஏறி மீட்டருக்குள் போய் அதையும் கெடுத்துவிடும்.

பல்சக்கரம் உடைந்திருந்தால்?

வருடக்கணக்கில் வெயிலிலும் சூட்டிலும் கிடந்து பிளாஸ்டிக் நொறுங்கிப்போவது பழைய கார்களுக்குச் சகஜம். இந்தியக் கார்களுக்கு மட்டுமல்ல, வால்வோ 240 போன்ற வெளிநாட்டுக் கார்களிலும் இதே சின்னச் சக்கரம்தான் பேர்போன பிரச்னை.

உடைந்த பல்லைப் பசை போட்டு ஒட்டுவது நிற்காது. அதே எண்ணிக்கைப் பற்கள் உள்ள சக்கரத்தைத்தான் போட வேண்டும். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் கி.மீ கணக்கு நிரந்தரமாகத் தப்பாகிவிடும். மீட்டர் ரிப்பேர் மட்டுமே செய்யும் கடைகளிலும், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளிலும் விசாரிக்கலாம்.

மீட்டரைக் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவ் வயரை எடுத்துவிடுவது நல்லது. முள்ளைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் வேகம் காட்டுவதும் கெட்டுப்போகும். இன்னொன்று, வண்டி ஓடும்போது டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கும் பட்டனை அழுத்தாதீர்கள். பழைய மீட்டர்களில் பல் உடைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிஜிட்டல் எண் வரும் காராக இருந்தால்?

இவற்றில் கேபிளுக்குப் பதில் வேக சென்சார் இருக்கும். முள்ளும் எண்ணும் சேர்ந்து நின்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து சென்சாரின் கனெக்டர், அப்புறம் சென்சார் என்று பார்க்க வேண்டும். முள் ஓடி, எண் மட்டும் மங்கினால் அல்லது மறைந்தால், திரையிலோ சால்டரிங் விட்டுப்போன இடத்திலோ கோளாறு இருக்கலாம். எண் மெமரி சிப்பில் பதிவாகியிருப்பதால், திரை அணைந்தாலே கணக்கு அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

மீட்டரையே மாற்றினால் எண் என்ன ஆகும்?

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வேறொரு வண்டியில் கழற்றிய மீட்டரை மாட்டினால், அதில் இருப்பது அந்த வண்டி ஓடிய கணக்கு. உங்கள் கார் 78,412-ல் நின்றிருக்க, புது எண் 41,000 என்று காட்டினால், வாங்குபவர் அதைத்தான் நம்புவார்.

நின்ற எண்ணையே புது மீட்டரில் வைப்பது நேர்மையான ரிப்பேர். எண்ணைக் குறைத்து வைத்து விற்பது ஏமாற்று வேலை. பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவின் கீழ் மோசடிப் புகாருக்கு இடமுண்டு. வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தவர் நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம்.

இந்த விஷயத்தில் அமெரிக்காவில் ஒரு நல்ல நடைமுறை இருக்கிறது. அங்கு 1972-ல் வந்த சட்டப்படி, ரிப்பேருக்குப் பின் பழைய எண்ணை வைக்க முடியாவிட்டால் மீட்டரைப் பூஜ்ஜியத்தில் தொடங்கி, பழைய எண்ணையும் தேதியையும் எழுதி இடது பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். நம்மூரிலும் அதே தகவலை சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, கழற்றும் முன் மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து, பில்லையும் சேர்த்து வைத்தால் நாளைக்கு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மீட்டர் நின்றிருந்த நாட்களில் ஓடியது எவ்வளவு?

பெட்ரோல் பில்லை வைத்துத் தோராயமாகச் சொல்லலாம். நின்றிருந்த காலத்தில் 120 லிட்டர் போட்டிருக்கிறீர்கள், வண்டி லிட்டருக்கு 15 கி.மீ தரும் என்றால், விட்டுப்போனது சுமார் 1,800 கி.மீ. அடுத்த ஆயில் சர்வீஸைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிப்பேர் முடிந்ததும் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்தோ, செல்போன் மேப்பை வைத்தோ 10 கி.மீ ஓட்டி ஒப்பிடுங்கள். டயர் அளவை மாற்றியிருந்தால் சின்ன வித்தியாசம் வரும். பெரிய வித்தியாசம் இருந்தால் தப்பான பல்சக்கரம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்த முறை "மீட்டரையே மாத்திடலாம்" என்று யாராவது சொன்னால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "முள் ஓடுதா, எண் மட்டும் நிக்குதா?" பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.