கருவின் தொடக்கமும் ஜெபக் குறிப்பும்

யோபு 10:10 கருவின் தொடக்கத்தைப் பால் உறைவதற்கு ஒப்பிடுகின்றது. பண்டையோர் பலர் பெண்ணை வித்தேற்கும் நிலமாகவே எண்ணினர். விளையாவிடில் குற்றம் நிலத்தினது! பாலூட்டிகளின் சினைமுட்டையைக் கண்டதாக வான் பேயர் அறிவித்ததோ 1827-இல்தான்.

சினைமுட்டை வெளிப்பட்ட பின் ஏறக்குறைய ஒரு நாளே உயிர்ப்புடன் இருக்கும். அதற்குள் கருக்குழலில் விந்தணு அதனோடு இணைதல் வேண்டும். இவ்வாறு உருவாகும் கரு, ஏறக்குறைய ஒரு வாரத்தில் கருப்பைச் சுவரில் பதியத் தொடங்குகின்றது. மாதவிலக்குத் தவறுதல், குமட்டல், அயர்வு, மார்பு நோதல் ஆகியன அதன் பின்னரே தோன்றும். எனினும் சோதனையின்றி இவை உறுதியான சான்றாகா.

மகப்பேறின்மைக்குக் கணவரின் குறை காரணமாதலும் அரிதன்று. ஆயினும் ஜெபக் குறிப்பில் மனைவியின் பெயர் மட்டுமே எழுதப்பட்டு வருகின்றது. கணவரின் பெயரையும் கேட்டு எழுதிய பின்னரே நான் அதனை வாசிக்கிறேன்.