விமானம் ஏறும் முன் வாங்க வேண்டிய தாள்

கனடாவிலிருந்து புறப்படுபவரின் கடவுச்சீட்டில் யாரும் முத்திரை குத்துவதில்லை. சென்னையிலோ கட்டுநாயக்காவிலோ இருப்பதுபோல, வெளியேறுபவர்களுக்கென்று குடிவரவுக் கவுண்டர் அங்கே கிடையாது. பெட்டியைக் கொடுத்து, பாதுகாப்புச் சோதனையை முடித்து, நேரே விமானத்துக்குப் போய்விடலாம். நாட்டைவிட்டுப் போகும்படி ஆணை பெற்றவர்கள் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

கனடாவில் வெளியேற்ற ஆணை மூன்று வகை. அவற்றில் மென்மையானது டிபார்ச்சர் ஆர்டர். அகதிக் கோரிக்கை வைப்பவர்களுக்குப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே இதை நிபந்தனையோடு எழுதிவிடுவார்கள். கோரிக்கை தோற்று, மேல்முறையீட்டுக்கும் வழியில்லாமல் போகும்போது அது அமலுக்கு வரும். அன்றிலிருந்து 30 நாள். அதற்குள் புறப்பட்டு, விமான நிலையத்தில் எல்லைச் சேவை அதிகாரியைத் தேடிப்போய்ப் புறப்பாட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டவர், வழக்கமான விசா விதிகளின்படி மீண்டும் வரலாம்.

வாங்காமல் போனால்? 28ஆம் நாளே ஊர் போய்ச் சேர்ந்திருந்தாலும் பயனில்லை. கெடு முடிந்ததும் அந்த ஆணை தானாகவே டிபோர்ட்டேஷன் ஆர்டர், அதாவது நாடுகடத்தல் ஆணை, ஆகிவிடும். அதற்கென்று தனி விசாரணை கிடையாது. சொன்ன சொல் கேட்டுப் போனவருக்கும் போகாமல் ஒளிந்திருந்தவருக்கும் ஒரே தண்டனை என்பது கொடுமை. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

நாடுகடத்தல் ஆணைக்குக் காலவரம்பு இல்லை. பத்தாண்டு கழித்து மகளின் கல்யாணத்துக்கு வரவேண்டும் என்றாலும், கட்டணம் கட்டி, எழுத்து மூலம் சிறப்பு அனுமதி பெற்றாக வேண்டும். கடும் குற்றம், தேசப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக இந்த ஆணை நேரடியாகவும் விதிக்கப்படும்.

இடைப்பட்டது எக்ஸ்குளூஷன் ஆர்டர். தடை ஓராண்டு, பொய்த் தகவல் தந்தவருக்கு ஐந்தாண்டு. இங்கும் அந்தச் சான்றிதழ்தான் எப்போது போனார் என்பதற்கு அத்தாட்சி.

ஆணை இருப்பதாலேயே ஒருவரை எங்கும் அனுப்பிவிட முடியாது. ஈழத்தமிழர் ஒருவரின் வழக்கில், சித்திரவதை ஆபத்துள்ள நாட்டுக்கு ஒருவரை அனுப்புவது பொதுவாக அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2002இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதிவிலக்கான சூழல்களுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்தது.

டிபார்ச்சர் ஆர்டர் கையில் உள்ளவர்கள் விமான நிலையத்துக்குச் சில மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். சான்றிதழ் கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள்.