மைக்ரோமீட்டர் கீழே விழுந்துடுச்சா? பரங்கிமலை முதல் லேத் பட்டறை வரை... அளக்கும் கருவிகளின் கதை!

கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர் ஒருவரிடம் அவருடைய வெர்னியரை இரவல் கேட்டுப் பாருங்கள். கடன் கேட்டால்கூட முகம் அவ்வளவு மாறாது!

கருமித்தனம் இல்லை, பயம். ட்ரில் பிட் மழுங்கினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். மைக்ரோமீட்டர் தப்பாகக் காட்டினால் தெரியாது. செய்து அனுப்பிய பீஸ்கள் மொத்தமாக ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும்போதுதான் தெரியும்.

இதே பயம் 200 வருடங்களுக்கு முன்பு, இதே பகுதியில் ஒருவருக்கு இருந்தது. அவர் வில்லியம் லாம்டன். இந்தியாவையே அளந்த மாபெரும் முக்கோண நில அளவைக்கு, 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே முதல் கோட்டை அளக்க ஆரம்பித்தார். மறுமுனை, இன்று அடுக்குமாடிகள் நிறைந்திருக்கும் பெரும்பாக்கம். சுமார் 12 கிலோமீட்டர்.

கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. சித்திரை வெயிலில் எஃகு நீளும். 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் அந்தச் சங்கிலி 3.5 மில்லிமீட்டர் நீண்டுவிடும். ‘இவ்வளவுதானே’ என்று விட்டால், 400 முறை போட்டு அளக்கும்போது தப்பு 1.4 மீட்டர்! அதனால் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, கூடார நிழல் கொடுத்து, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து அளந்தார். இன்னொரு சங்கிலியை அளக்கவே எடுக்காமல், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். இன்று பட்டறைகளில் ஸ்லிப் கேஜ் செய்யும் வேலை அதுதான்.

வெயில் இன்னும் அதே வெயில்தான். உலகம் முழுக்க அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. 40 டிகிரியில் 100 மி.மீ எஃகு ராடு 0.023 மி.மீ நீண்டிருக்கும். மைக்ரோமீட்டரில் அது இரண்டு கோட்டுக்கு மேல். கருவியும் எஃகு, ஜாபும் எஃகு, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் பிரச்னை பெரிதாக இல்லை. கடைசலில் இருந்து அப்போதுதான் எடுத்த சூடான ஜாபை அளப்பதுதான் ஆபத்து. அலுமினியம் என்றால் இரண்டு மடங்கு நீளும். ஆறவிட்டு அளங்கள். மைக்ரோமீட்டர் ஃபிரேமில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையும் அழகுக்கு இல்லை, உள்ளங்கைச் சூடு ஏறாமல் இருக்கத்தான்.

தி.நகர் நகைக்கடைத் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபேன் காற்றுகூட எடையை அசைத்துவிடும். பட்டறைக் கருவிக்கும் அப்படி ஒரு மரியாதை வேண்டும். அளக்கும் முன் முகங்களைத் துடைத்து, ஜீரோ பார்க்க வேண்டும். இறுக்கிப் பிடிக்காமல் ராட்செட்டைத் திருப்ப வேண்டும். சுற்றும் ஜாபில் வைக்கவே கூடாது. ஏர் கன்னால் ஊதினால் பிசிறு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காற்று வேறு! மெல்லிய எண்ணெய் தடவி, முகங்களை மூடாமல் சின்ன இடைவெளி விட்டு, ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு பெட்டியில் வையுங்கள்.

சரி, விழுந்தே விட்டால்?

லாம்டனுக்கும் நடந்தது. 1808-ல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துபோனது. அவர் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டார். பலகையில் சரியான வட்டத்தை வரைந்து, ஆப்பும் திருகும் வைத்து நெளிவை மெல்ல மெல்ல இழுத்து, சின்ன மரச் சுத்தியல்களால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆனது. அந்தக் கருவி அதன்பிறகும் பல வருடங்கள் உழைத்தது.

உங்கள் மைக்ரோமீட்டருக்கு ஆறு வாரம் தேவையில்லை. ஆனால் ஜீரோ சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். நடுவில் தப்பு இருக்கலாம். ஸ்லிப் கேஜ் வைத்து இரண்டு மூன்று அளவுகளில் சோதியுங்கள். அது இல்லையா? நல்ல கம்பெனியின் புது 608 பேரிங் வாங்குங்கள். வெளிவிட்டம் 22 மி.மீ, வித்தியாசம் இருந்தாலும் 0.01 மி.மீ-க்குள்தான் இருக்கும். அதற்கு மேல் காட்டினால், கருவி கேலிபரேஷன் லேபுக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.