பாரதி பாட்டு யாருக்குச் சொந்தம்? காரைக்குடி சொல்லும் காப்புரிமைப் பாடம்!

பாரதியார் பாட்டை சினிமாவில் பயன்படுத்த ஒருவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றால் நம்புவீர்களா? 1940-களில் அதுதான் நிலைமை. அந்த அனுமதியைத் தரும் இடத்தில் இருந்தவர், நம் காரைக்குடிக்காரரான ஏவி.மெய்யப்பச் செட்டியார்.

காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் அவர் ஸ்டூடியோ நடத்திய காலம் அது. அங்கே உருவான 'நாம் இருவர்' 1947-ல் வெளியாகி, டி.கே.பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்களைப் பட்டிதொட்டியெல்லாம் சேர்த்தது. அந்தப் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை, சென்னை நகை வியாபாரி ஒருவரிடமிருந்து செட்டியார் முறைப்படி விலைக்கு வாங்கியிருந்தார்.

நகை வியாபாரியிடம் பாரதி பாட்டு எப்படிப் போனது? 1921-ல் பாரதி மறைந்தபோது குடும்பத்துக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து, அவர் எழுத்து மட்டுமே. கஷ்ட காலத்தில் மனைவி செல்லம்மாள் அந்த உரிமையை விற்க வேண்டியதாயிற்று. பிறகு புத்தக உரிமை ஒரு கையில், இசைத்தட்டு உரிமை வேறு கையில் எனப் பிரிந்தது. பாட்டு புகழடைந்து பணம் புரண்டபோது, எழுதியவர் குடும்பத்துக்கு அதில் பங்கில்லை.

1948-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற, ஏவி.எம். தரப்பு ஆட்சேபித்தது. 'பாரதி நாட்டுக்கே சொந்தம்' என்று வ.ரா. உள்ளிட்ட எழுத்தாளர்கள் குரல் எழுப்பினார்கள். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையை ஏற்றது. செட்டியார் காசு எதுவும் வாங்காமல் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய் என 15,000 ரூபாய் வழங்கப்பட்டது. பின்னர் பாரதி எழுத்துகள் எல்லோருக்கும் பொதுவாயின.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

இன்று வலையபட்டியில் இருக்கும் ஒரு பெண், தான் எழுதிய பாட்டையோ சமையல் வீடியோவையோ யூடியூபில் ஏற்றினால், அந்தப் படைப்புக்கு உரிமையாளர் அவரே. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, எழுதியோ பதிவு செய்தோ வைத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. கதை, பாட்டு, ஓவியம் போன்றவற்றுக்குப் படைப்பாளியின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. வீடியோவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்.

ஒன்றைக் கவனியுங்கள். வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. உங்கள் வீடியோவை ஒருவர் அப்படியே எடுத்துப் போட்டால் தவறு; அதைப் பார்த்து வீட்டில் அதே உக்காரையைக் கிளறினால் தவறில்லை!

பிறகு எதற்குப் பதிவு?

பதிவு கட்டாயமில்லை. ஆனால், 'இது என்னுடையது' என்று நீதிமன்றத்தில் நிற்கும்போது பதிவேடு முதல்நிலைச் சான்றாகிறது. டெல்லியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். கதை, பாட்டு, ஓவியம் போன்ற படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய், திரைப்படத்துக்கு 5,000 ரூபாய் கட்டணம். விண்ணப்பித்ததும் டைரி எண் கிடைக்கும். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என 30 நாள் பார்த்த பிறகே பரிசீலனை தொடங்கும்.

கையெழுத்துப் போடும் முன்...

பாரதி குடும்பத்தின் கதை சொல்லும் எச்சரிக்கை இங்கேதான் இருக்கிறது. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்து மூலமாகவே இருக்க வேண்டும். எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்தப் பகுதி, எவ்வளவு தொகை என்று குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

2012-ல் வந்த திருத்தம் இன்னொரு கதவையும் அடைத்தது. ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத புதிய ஊடகத்துக்கு, அதைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் தவிர, அந்த ஒப்பந்தம் செல்லாது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் தங்களுக்குரிய சம பங்கை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது.

எனவே, 'எல்லா உரிமையும் நிரந்தரமாக' என்று நீட்டப்படும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். பதிப்பகமோ, யூடியூப் சேனலோ, மியூசிக் கம்பெனியோ, எது கேட்டாலும் அவர்களுக்குத் தேவையான உரிமையை மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும் கொடுங்கள். மிச்சம் உங்கள் பிள்ளைகளுக்கான சொத்து.