பருவமழை ஆறுகளின் மீன்களில் நீள – எடைத் தொடர்பு: கொடும்பாளூர்ப் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மீனின் நீளத்தையும் எடையையும் இணைக்கும் அடுக்கெண், நீர்நிலையின் நலங்காட்டும் அளவுகோலாக ஆய்வேடுகளில் கொள்ளப்படுவதுண்டு. அவ்வெண் மாதிரி திரட்டிய பருவத்தையும் முறையையும் பெரிதும் சார்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நீள – எடைத் தொடர்பு, அடுக்கெண், உடல்நிலைக் காரணி, கண்மாய், கொடும்பாளூர்

முன்னுரை

விராலிமலையை அடுத்து, திருச்சிராப்பள்ளி – மதுரைப் பெருவழியில் அமைந்த கொடும்பாளூர், சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் வழிகள் பிரியும் இடமாகவும் குளத்தை உடைய ஊராகவும் சுட்டப்படுகிறது. இப்பகுதியின் நீர்வாழ்வு இன்றும் குளங்களையும் கண்மாய்களையும் சார்ந்ததே. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊடே ஓடிப் பாக்கு நீரிணையில் கலக்கும் தென்வெள்ளாறு, வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஆண்டு முழுவதும் ஓடுவதன்று. மழைக்காலத்தில் வரத்துக்கால் வழியே கண்மாய்க்குள் ஏறும் கெண்டை, கெளுத்தி, விரால், ஆரால் முதலியன கோடையில் எஞ்சும் நீரில் ஒடுங்குகின்றன. எனவே இங்கு ஆற்றுமீன், குளத்துமீன் என்னும் பாகுபாடு முற்றிலும் பொருந்துவதில்லை. இத்தகைய மீன்களின் நீளத்தையும் எடையையும் அளந்து பெறும் ஓர் எண் எதனைக் கூறும், எதனைக் கூறாது என்பதே ஆராயத்தக்கது.

அடுக்கெண்ணின் பொருள்

உருவம் மாறாமல் ஒரு மீன் இருமடங்கு நீளமானால் அதன் எடை எட்டு மடங்காகும். இக்கனவிதி மீன்களுக்குத் துல்லியமாகப் பொருந்துவதில்லை என்பதை 1904ஆம் ஆண்டிலேயே புல்டன் காட்டினார். எடை = க × (நீளம்)^ப என்னும் பொதுவடிவத்தை 1928இல் நிறுவியவர் ஆன்செல் கீஸ்; பிற்காலத்தில் கொழுப்புணவுக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்ற அதே கீஸ்தான். இதில் ‘ப’ 3 எனில் மீன் உருவம் மாறாது வளர்கிறது. 3ஐ விஞ்சினால் நீளுந்தோறும் பருக்கிறது, குறைந்தால் மெலிகிறது. ‘ப’ ஏறத்தாழ 3ஆக இருக்கும்போது, ‘க’ உடல்வடிவைக் காட்டும். பாம்புபோல் நீண்ட ஆராலுக்கு அது சிறிதாகவும், அகன்ற கெண்டைக்குப் பெரிதாகவும் அமையும்.

1773 இனங்களுக்குரிய 3929 தொடர்புகளை 2006இல் தொகுத்தாய்ந்த புரோஸ், ‘ப’ பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் இடையே அமைவதையும் அதன் சராசரி 3.03 என்பதையும் கண்டார். ஆகவே 2.8 என்றோ 3.2 என்றோ ஒரு மதிப்புக் கிடைப்பது வியப்பிற்குரியதன்று. ஆயினும் 3க்குக் குறைந்த மதிப்புக் கிடைத்தவுடன் ‘நீர் மாசுற்றது’, ‘உணவு போதவில்லை’ என முடிவுரைக்கும் வழக்கம் ஆய்வேடுகளில் உண்டு.

மாதிரியின் வீச்சு

இம்முடிவு எத்துணை நொய்ம்மையானது என்பதை எளிய கணக்கால் அறியலாம். 12 முதல் 14 செ.மீ. வரையிலான மீன்கள் மட்டுமே மாதிரியில் உள்ளன எனவும், உண்மையான ‘ப’ 3 எனவும் கொள்வோம். சிறிய முனையில் எடை 5 விழுக்காடு கூடுதலாகவும் பெரிய முனையில் 5 விழுக்காடு குறைவாகவும் அமைந்தால், அவ்விரு முனைகளைக் கொண்டு கணிக்கும் ‘ப’ ஏறத்தாழ 2.35ஆகச் சரியும். அதே பிழை 6 முதல் 24 செ.மீ. வரை பரந்த மாதிரியில் நேர்ந்தால் ‘ப’ 2.93 அளவிலேயே நிற்கும். ஒரே கண்ணளவுள்ள செவுள்வலையில் ஏறத்தாழ ஒத்த அளவுடைய மீன்களே சிக்கும். ஆகவே எந்த வலையில் பிடித்தவை என்பதைக் குறிக்காத அட்டவணை பாதிப் பயனையே தரும்.

உடல்நிலைக் காரணி

புல்டனின் பெயரால் வழங்கும் காரணி, எடையை நீளத்தின் கனத்தால் வகுத்து நூறால் பெருக்கிப் பெறப்படுவது. ஓரினத்தில் ‘க’ 0.01, ‘ப’ 3.2 எனக் கொள்க. 10 செ.மீ. மீன் 15.85 கிராம் இருக்கும். அதன் காரணி 1.58. 20 செ.மீ. மீன் 145.6 கிராம் இருக்கும். அதன் காரணி 1.82. இரண்டும் தத்தம் நீளத்திற்குரிய எடையிலேயே உள்ளன. எனினும் பெரிய மீன் 15 விழுக்காடு ‘நலமுடையது’ போலத் தோன்றுகிறது. சிறுமீன் மிகுந்த ஒரு கண்மாயையும் பெருமீன் மிகுந்த மற்றொன்றையும் இக்காரணியால் ஒப்பிட்டால் விடை பிழைபடும் என்பது வெளிப்படை. விண்டர்மியர் ஏரியின் பெர்ச் மீன்களை ஆராய்ந்த லெ கிரென் 1951இல் முன்வைத்த சார்பு உடல்நிலைக் காரணி இச்சிக்கலைத் தவிர்க்கிறது. அது மீனின் எடையை, அதன் நீளத்திற்குச் சமன்பாடு தரும் எடையால் வகுப்பது. இயல்பான மீனுக்கு 1 கிடைக்கும். ஒப்பிடும்போது எல்லா மாதிரிகளுக்கும் ஒரே சமன்பாட்டைப் பயன்படுத்த வேண்டும்.

பருவமும் மீன்பிடி நாளும்

கெண்டை வகைகளுட் பல மழைக்காலப் புதுநீரை ஒட்டி முட்டையிடுபவை. சினைமுற்றிய பெண்மீனையும் சினையிறக்கியதையும் பிரிக்காமல் ஒரே அட்டவணையில் இட்டால், கிடைக்கும் ‘ப’ இரண்டுக்கும் உரியதாகாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில், கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரார் கூடி இறங்கும் மீன்பிடித் திருவிழா ஆய்வாளர்க்கு ஓர் அரிய வாய்ப்பு. ஊத்தா, கச்சா, வலை எனப் பல கருவிகள் ஒரே காலையில் இயங்குவதால், விரற்கடை மீன் முதல் பெருவிரால் வரை பரந்த நீளவீச்சு கிடைக்கிறது. பிடித்தவை சமையலுக்குச் செல்லுமுன் கரையிலேயே அளந்துவிட வேண்டும் என்பதுதான் இடர்ப்பாடு. ஆனால் அம்மாதிரி முழுவதும் கோடையின் நெருக்கடி நீரில் வாழ்ந்த மீன்களால் ஆனது. அதில் பெற்ற சமன்பாட்டைக் கொண்டு மார்கழிக் கண்மாயின் மீன்வளத்தை மதிப்பிட்டுக் குத்தகைத் தொகையோ குஞ்சு விடும் அளவோ வகுத்தால், பிழை ஊராரின் வருவாயில் சென்று முடியும். நீர் நிறைந்த தை, மாசித் திங்களில் அதே கண்மாயில் வெவ்வேறு கண்ணளவு வலைகளால் மற்றொரு மாதிரி எடுத்து, இரண்டிற்கும் தனித்தனியே ‘ப’ கணிப்பதே தக்கது.

அளவீட்டுக் குறிப்பும் இன்றியமையாதது. மூக்கு நுனியிலிருந்து வால்துடுப்பின் முனைவரை அளந்தால் மொத்த நீளம். துடுப்பின் அடிவரை அளந்தால் நியம நீளம். செ.மீ. அளவில் 0.01 ஆக இருக்கும் ‘க’, ‘ப’ 3 எனில், மி.மீ. அளவில் 0.00001 ஆகிவிடும். அலகும் நீளவகையும் குறிக்கப்படாத ‘க’ மதிப்பை வேறோர் ஆய்வின் மதிப்போடு ஒப்பிட இயலாது.