யார் மேற்கோள் காட்டினார்கள், யாரோடு எழுதினார்கள்?

1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில் இணையம் திணறியது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜம்தான் தூரம். வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த தடத்தில் வெறும் 40 பிட் நகர்ந்தது. அதாவது ஐந்து ஆங்கில எழுத்துகள். வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் காரணத்தைத் தோண்டினார்கள். பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டு தொலைந்தால் கணினிகள் பொறுமையில்லாமல் திரும்பத் திரும்ப அனுப்பி, நெரிசலை இன்னும் கூட்டிக்கொண்டிருந்தன. மெதுவாகத் தொடங்க வேண்டும், பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற ஒழுங்கை அவர்கள் கணினிகளுக்கிடையே தரவை அனுப்பும் டிசிபி மென்பொருளில் எழுதிச் சேர்த்தார்கள். 1988இல் சிக்காம் என்ற வலையமைப்பு மாநாட்டில் ஜேக்கப்சன் இதைப் பற்றி வெளியிட்ட கட்டுரை, அந்தத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று.

இப்படிப்பட்டவரின் பங்களிப்பை எப்படி அளப்பது?

வேலைக்கு எடுப்பவர்களும் நிதி தருபவர்களும் பெரும்பாலும் முதலில் புரட்டுவது சைட்டேஷன் கணக்கைத்தான். ஒரு கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை அது. யூஜின் கார்ஃபீல்டு 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டதிலிருந்து இந்த எண்ணிக்கை ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 2004இல் கூகுள் ஸ்காலர் வந்தபின் யாரும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் எச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். 30 கட்டுரைகள் தலா 30 மேற்கோளாவது பெற்றிருந்தால் ஒருவருடைய எச்-இண்டெக்ஸ் 30. இன்னொருவர் ஐந்தே கட்டுரைகள் எழுதி, அவை 5,000, 40, 9, 3, 1 என்று மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 3. துறையையே திருப்பிப்போட்ட அந்த முதல் கட்டுரை இந்தக் கணக்கில் காணாமல் போகிறது. குறைவாக எழுதி ஆழமாகச் செய்பவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

வலையமைப்புத் துறைக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. இங்கே நல்ல வேலை கட்டுரையோடு நிற்பதில்லை. ஜேக்கப்சனின் வழிமுறை பிஎஸ்டி யூனிக்ஸ் இயங்குதளத்துக்குள் போய், பிறகு ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தர ஆவணங்களில் ஏறி, கணினிகளிலும் கைபேசிகளிலும் பரவியது. ஒவ்வொரு முறை நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதும் அதன் வழித்தோன்றல்கள் வேலை செய்கின்றன. அந்தப் பயன்பாட்டை எந்த சைட்டேஷன் எண்ணும் பதிவு செய்வதில்லை.

கூட்டு உழைப்பை எடைபோடுவது இன்னும் கடினம். வலையமைப்புச் சுவிட்சுகளை மென்பொருளால் கட்டுப்படுத்தும் ஓபன்ஃப்ளோ பற்றிய 2008 கட்டுரையில் நிக் மெக்கியோன் முதல் ஜோனதன் டர்னர் வரை எட்டுப் பேர். அதற்குக் கிடைக்கும் ஒவ்வொரு மேற்கோளும் எட்டுப் பேர் கணக்கிலும் முழுதாக ஏறும். எட்டால் வகுக்கலாம் என்பார்கள் சிலர். ஆனால் வகுத்தால், சேர்ந்து உழைத்ததற்கே தண்டனை கொடுத்ததாகிவிடும்.

எண்ணிக்கையை விட, யாரோடு எழுதினார் என்ற வரைபடம் நிறையச் சொல்கிறது. ஆய்வாளர்கள் புள்ளிகள், சேர்ந்து எழுதிய கட்டுரைகள் கோடுகள். ஜெர்மனியின் டிரையர் பல்கலைக்கழகத்தில் 1993இல் தொடங்கிய டிபிஎல்பி தளத்தில் எந்தக் கணினி ஆய்வாளரின் கூட்டாளிகளையும் பார்க்கலாம். சென்னை ஐஐடியில் பிடெக் முடித்து எம்ஐடி பேராசிரியரான ஹரி பாலகிருஷ்ணனை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன எட்டுப் பேரில் அவரும் ஒருவர். பல கணினிகளில் பரவிக் கிடக்கும் தரவைத் தேடிக் கண்டுபிடிக்கும் சார்ட் முறை பற்றி 2001இல் வந்த கட்டுரையை அவரோடு எழுதியவர்களில் டேவிட் கார்கர் கோட்பாட்டு அல்காரிதக்காரர். ஃபிரான்ஸ் காஷூக்கும் ராபர்ட் மோரிஸும் இயங்குதளங்களைக் கட்டுபவர்கள். வேறொரு பக்கம் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் போன்ற தரவுத்தள ஆய்வாளர்களோடும் கோடுகள் போகின்றன. ஒரே ஆய்வகத்துக்குள் சுற்றி வரும் வரைபடமும், துறைகளைத் தாண்டிக் கிளை விடும் வரைபடமும் ஒரே எச்-இண்டெக்ஸைத் தரக்கூடும்.

அந்த மாநாட்டை நடத்தும் சிக்காம் அமைப்பு வேறொரு வழியும் வைத்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்து, இன்னும் உயிர்ப்போடு இருக்கும் கட்டுரைக்குக் காலத்தை வென்ற படைப்பு என்று விருது தருகிறார்கள். எண்ணை மட்டும் பார்க்காமல் கட்டுரையைப் படித்து, விவாதித்து, துறைக்காரர்களே எடுக்கும் முடிவு அது. சார்ட் கட்டுரைக்கு அந்த விருது 2011இல் கிடைத்தது.